பையைப் பார்த்துக்கொள்ள யாரும் உட்கார வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விடுமுறைக் காலம் நெருங்கினால் உங்கள் சுற்றுலாப் பக்கங்களில் குழுப் பயண விளம்பரங்கள் நிறைய வருகின்றன. அவற்றின் நிகழ்ச்சி நிரலில் ‘மினி கோல்ஃப் - 1 மணி நேரம்’ என்ற வரியை இப்போதெல்லாம் அடிக்கடி பார்க்கிறேன். பல வருடங்களாகக் குழுக்களை அழைத்துப் போகிற டூர் மேனேஜர் நான். அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், ஆனால் பயணத்துக்குப் பணம் கட்டுகிறவர்களுக்கும், பயணத்தைத் திட்டமிடுகிறவர்களுக்கும் தெரிய வேண்டிய விஷயம் இது.

ஒரு பேருந்தில் ஏழு வயதுக் குழந்தையும் எழுபது வயதுப் பெரியவரும் சேர்ந்து வருகிறார்கள். அந்த இருவரும் சமமாக ஆடக்கூடிய விளையாட்டு எத்தனை இருக்கிறது? நீச்சல் குளம் என்றால் பெரியவர் கரையில் நிற்பார். ராட்டினம் என்றால் அவர் கீழே நிற்பார். மினி கோல்ஃபில் ஓட வேண்டாம், பலம் வேண்டாம், முன்பழக்கம்கூட வேண்டாம். கையில் புட்டர் என்ற சிறிய மட்டை, தரையில் ஒரு பந்து, சில மீட்டர் தூரத்தில் ஒரு குழி. மெதுவாகத் தட்டுகிறவருக்குத்தான் பந்து குழிக்குள் விழும். வேகமாக அடிக்கும் இளைஞனின் பந்து குழியைத் தாண்டிச் சுவரில் மோதித் திரும்பி வரும். எல்லா வயதும் கலந்த குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான வெளிப்புற விளையாட்டை நான் பார்த்ததில்லை.

ஆனால் பெரும்பாலான பயணங்களில் நடப்பது வேறு. பேருந்து நின்றதும் இளைஞர்கள் முதலில் போய் மட்டைகளை எடுத்துக்கொள்கிறார்கள். குழந்தைகள் பின்னால் ஓடுகிறார்கள். பெரியவர்கள் வந்து சேரும்போது முதல் குழியில் நீண்ட வரிசை. “நான் இப்படி உட்கார்ந்துக்கறேன்மா, நீங்க எல்லாரும் ஆடுங்க. பையை எல்லாம் இங்க வச்சுட்டுப் போங்க” என்று ஒருவர் பெஞ்சில் உட்காருவார். பக்கத்தில் இன்னொருவர் உட்காருவார். பத்து நிமிடத்தில் குழுவில் பாதிப் பேர் பைகளுக்குக் காவலாக ஆகிவிடுவார்கள். கேட்டால், “அவங்களுக்கு இதெல்லாம் ஆர்வம் இல்லை” என்று பதில் வரும். இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். வரிசையைப் பார்த்து, நேரத்தைப் பார்த்து, மற்றவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்றுதான் அவர்கள் ஒதுங்குகிறார்கள். திட்டம் சரியாக இருந்தால் ஒதுங்க மாட்டார்கள்.

இந்த விளையாட்டின் வரலாற்றிலேயே இதற்கு ஒரு பதில் இருக்கிறது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1867-ல் பெண்களுக்கென்று ஒரு புட்டிங் கிளப் தொடங்கினார்கள். பெண்கள் மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி வீசுவது நாகரிகமில்லை என்று கருதப்பட்ட காலம் அது. பெரிய கோல்ஃப் மைதானத்தில் இடமில்லாத அந்தப் பெண்கள், மேடும் பள்ளமுமான ஒரு சிறிய புல்தரையில் பந்தை உருட்டி ஆடினார்கள். ‘இமாலயாஸ்’ என்று பெயர் பெற்ற அந்தத் தரை இன்றும் இருக்கிறது. பிறகு 1920-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கார்னெட் கார்ட்டர் என்பவர் ‘டாம் தம்ப்’ என்ற பெயரில் சிறிய கோல்ஃப் திடல்களை நாடு முழுக்கப் பரப்பினார். 1930 வாக்கில் நியூயார்க்கின் மொட்டை மாடிகளில்கூட ஆடினார்கள். சுவிட்சர்லாந்தின் அஸ்கோனாவில் 1954-ல் பால் போங்னி அளவு வரையறுத்த தடங்களை அமைத்த பிறகு ஐரோப்பாவில் இது போட்டி விளையாட்டாகவே வளர்ந்தது. ஆக, ‘நீங்கள் ஓரமாக இருங்கள்’ என்று சொல்லப்பட்டவர்களின் கையில் தொடக்கத்திலேயே இருந்த விளையாட்டு இது. இதிலேயே ஒருவரை ஓரமாக உட்கார வைத்தால் எப்படி?

சரி, அந்த ‘1 மணி நேரம்’ கணக்குக்கு வருகிறேன். வழக்கமாக ஒரு திடலில் 18 குழிகள். நான்கு பேர் கொண்ட ஓர் அணி ஒரு குழியை முடிக்க மூன்று முதல் நான்கு நிமிடம் ஆகும். அப்படியென்றால் 18 குழிக்கு ஒரு மணி நேரம், புதியவர்கள் என்றால் கொஞ்சம் கூடவே. இது ஓர் அணிக்கு மட்டும். குழுவில் 40 பேர் என்றால் 10 அணிகள். எல்லோரும் முதல் குழியில் தொடங்கி, அணிக்கு அணி நான்கு நிமிட இடைவெளி விட்டால், பத்தாவது அணி தொடங்கும்போதே 36 நிமிடம் போயிருக்கும். அவர்கள் முடிக்கும்போது ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டிவிடும். இதில் பேருந்திலிருந்து இறங்குவது, கழிப்பறை, மட்டையும் பந்தும் வாங்குவது எதையும் சேர்க்கவில்லை. ஒரு மணி நேரம் என்று அச்சடித்தவர் இந்தக் கணக்கைப் போடவே இல்லை. கடைசி அணிகளில் இருப்பது யார்? மெதுவாக நடந்து வந்தவர்கள்தான். ஒன்பதாவது குழியில் நிற்கும்போது, “நேரமாச்சு, பஸ்ஸுக்கு வாங்க” என்று அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

ஒரு பயணத்தில் என்னிடம் தரப்பட்ட நிரலில் பெரிய குழு ஒன்றுக்கு முக்கால் மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நேரத்தை நீட்டித் தாருங்கள் என்று முன்கூட்டியே கேட்டேன். “டைம்பாஸ்தானே, பாதியில் நிறுத்திக்கலாம்” என்றார்கள். அந்தப் பதில் இன்னும் எனக்கு உறுத்துகிறது. அருங்காட்சியகத்தைப் பாதியில் நிறுத்துவோமா?

40 பேருக்கு, இறங்குவது முதல் மறுபடி ஏறுவது வரை இரண்டு மணி நேரம் வேண்டும். அதுவும் எல்லா அணிகளும் ஒரே சமயத்தில் வெவ்வேறு குழிகளில் ஆரம்பித்தால்தான் நிம்மதியாக முடியும். கோல்ஃப் போட்டிகளில் ‘ஷாட்கன் ஸ்டார்ட்’ என்று சொல்கிற முறை இது. முதல் அணி 1-ஆம் குழியில், அடுத்தது 3-ல், அதற்கடுத்தது 5-ல் என்று நிறுத்திவிட்டு, ஒரே விசிலில் தொடங்க வேண்டும். 7-ல் தொடங்கிய அணி 18 வரை போய், அப்புறம் 1-க்கு வந்து 6-ல் முடிக்கும். எல்லோரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடிப்பார்கள். முடிந்தவரை அணிகளுக்கு நடுவே ஒரு குழியைக் காலியாக விடுவது முக்கியம். ஓர் அணி தாமதித்தாலும் பின்னால் வருகிறவர்களை அது உடனே தொடாது. இடைவெளி விட முடியாத இடம் வந்தால், எளிதான குழியாகப் பார்த்து அங்கே நெருக்கலாம்.

இந்த முறையில் ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் முன்னாலேயே சொல்வதில்லை. பல திடல்களில் 18-ஆம் குழி பந்தை விழுங்கிவிடும். ஆட்டம் முடிந்தது என்று பந்து குழாய் வழியாக நேரே கவுன்டருக்குப் போய்விடும். 1-ல் தொடங்கியவர்களுக்கு அது சரி. 7-ல் தொடங்கியவர்களுக்கு இன்னும் ஆறு குழி பாக்கி இருக்கும்போதே கையில் பந்து இருக்காது. அதனால் திடல்காரரிடம் கூடுதல் பந்துகளை முன்னாலேயே கேட்டு வாங்கி, 18-ஆம் குழிப் பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்த வேண்டும். சின்ன விஷயம்தான். ஆனால் பந்தில்லாமல் கவுன்டருக்கு நடந்து போய்த் திரும்ப வேண்டும் என்றால் முட்டி வலிக்காரர் அந்த இடத்திலேயே ஆட்டத்தை விட்டுவிடுவார்.

திடல் முழுக்க நம் கையில் இருந்தால்தான் இப்படி ஆரம்பிக்க முடியும். விடுமுறை நாள் மாலையில் போய்க் கேட்டால் எந்தத் திடல்காரரும் சம்மதிக்க மாட்டார். மற்றவர்களும் காசு கொடுத்துத்தானே வருகிறார்கள். வார நாள், திடல் திறக்கும் நேரம் என்று கேட்டால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். காலை நேரம் பெரியவர்களுக்கும் நல்லது. உச்சி வெயிலில் கான்கிரீட்டும் செயற்கைப் புல்லும் கீழிருந்து சூட்டைக் கக்கும். இரண்டு 18 குழித் திடல்கள் உள்ள இடம் கிடைத்தால் குழுவை இரண்டாகப் பிரித்துவிடலாம், வேலை பாதியாகும்.

எந்தத் திடல் என்பதையும் படத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. காற்றாலை, எரிமலை, கடற்கொள்ளையர் கப்பல் எல்லாம் படத்தில் அழகாக இருக்கும். நான் முதலில் கேட்பது, எத்தனை படிக்கட்டுகள் என்றுதான். மலை மாதிரி அமைத்த திடல்களில் குழிக்குக் குழி படி ஏறி இறங்க வேண்டும். கைப்பிடி இருக்கிறதா, நிழலில் பெஞ்சுகள் எத்தனை குழிக்கு ஒன்று, கழிப்பறை நடுவழியில் உண்டா, இவ்வளவும் கேட்க வேண்டும். ஐரோப்பாவில் எட்டர்னிட் என்ற நார்-சிமென்ட் பலகையில் அமைத்த தடங்களைப் பார்க்கலாம். 6.25 மீட்டர் நீளம், 90 சென்டிமீட்டர் அகலம். அவற்றின் மேல் கால் வைக்கக் கூடாது, ஓரத்தில் நின்றே எட்டி ஆட வேண்டும். முதுகு வளையாதவர்களுக்கு அது சிரமம். செயற்கைப் புல் விரித்த, மேலே நடந்து போகக்கூடிய தடங்களே கலந்த குழுவுக்கு ஏற்றவை. இருட்டறையில் நீல ஒளியில் ஆடும் உள்ளரங்குத் திடல்கள் இளைஞர்களுக்குப் பிடிக்கும், மழைக்கும் பயமில்லை. ஆனால் பார்வை மங்கியவர்களுக்கு அங்கே மேடு எது, பள்ளம் எது என்று தெரியாது. பெரியவர்கள் அதிகமுள்ள குழுவுக்கு நான் அதைத் தேர்வு செய்வதில்லை.

சக்கர நாற்காலியில் வருகிறவர்களைப் பற்றி நிறுவனங்களிடம் கேட்டால், “பார்த்துக்கலாம்” என்பார்கள். போன பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அமெரிக்காவின் 2010-ஆம் ஆண்டு அணுகல் தர விதிகளில் மினி கோல்ஃபுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. குறைந்தது பாதிக் குழிகளாவது சக்கர நாற்காலியில் எட்டக்கூடியவையாக இருக்க வேண்டும், அவை தொடர்ச்சியாகவும் அமைய வேண்டும் என்கிறது அந்த விதி. தொடர்ச்சி என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த இடம். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் அவர் தன் அணியை விட்டுவிட்டுத் தனியே சுற்றி வர வேண்டியிருக்கும். வேறு நாட்டில், வேறு விதி உள்ள இடத்தில் இருந்தாலும் இதையே கேள்வியாகக் கேட்கலாம்: எந்தக் குழியிலிருந்து எந்தக் குழி வரை நாற்காலி தடையில்லாமல் போகும்? பாதை எங்கே நிற்கிறது? தெளிவான பதில் வந்தால் அந்த அணியை அங்கேயே தொடங்க வைத்து, அதற்கேற்ப மற்ற அணிகளை அமைக்கலாம்.

அணி பிரிப்பதைத் திடலில் வைத்துக்கொள்ளவே கூடாது. அங்கே பிரித்தால் நண்பர்கள் நண்பர்களோடு சேர்வார்கள், மீதம் இருப்பவர்கள் பெஞ்சுக்குப் போவார்கள். நான் முந்தின நாளே பட்டியல் போட்டுவிடுவேன். ஓர் அணியில் ஒரு பெரியவர், ஒரு குழந்தை, நடுவயதில் இருவர். கூச்சப்படுகிற பெரியவர் என்றால் அவருக்குப் பழக்கமான ஒருவரையும் கூடச் சேர்ப்பேன். பேருந்து திடலை நெருங்கும்போது மைக்கில் பெயர்களைப் படித்து, எந்த அணி எந்தக் குழி என்றும் சொல்லிவிடுவேன். விதிகளையும் அங்கேயே சொல்லிவிட வேண்டும். வெயிலில் நிற்க வைத்து விளக்கினால் யார் காதிலும் ஏறாது. அணிக்குள் நால்வருக்கும் நான்கு நிறப் பந்துகள், மதிப்பெண் (குழிக்கு எத்தனை அடி என்ற கணக்கு, குறைவாக இருந்தால்தான் வெற்றி) எழுத ஒரே ஒருவர், அவ்வளவுதான்.

ஆடும் முறையில்தான் பெரிய வித்தியாசம் வருகிறது. ஒவ்வொருவருக்கும் தனித்தனி மதிப்பெண் என்றால் இரண்டாவது குழியிலேயே சிலருக்கு மனசு விட்டுப்போகும். நான் வைப்பது ‘ஸ்கிராம்பிள்’ முறை. நால்வரும் ஒரு முறை அடிப்பார்கள். எந்தப் பந்து நல்ல இடத்தில் நிற்கிறதோ, அந்த இடத்திலிருந்தே நால்வரும் அடுத்த அடியை அடிப்பார்கள். அணிக்கு ஒரே மதிப்பெண். இதில் கூடவே ஒரு நிபந்தனை வைப்பேன்: 18 குழிகளில், ஒவ்வொருவரின் முதல் அடியையும் குறைந்தது மூன்று முறையாவது அணி எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். இதனால் பாட்டியின் அடியும் அணிக்குத் தேவைப்படுகிறது. அவர் அடிக்கும்போது மற்ற மூவரும் பக்கத்தில் வந்து நின்று, “இந்தப் பக்கம் சரிவு இருக்கு பாட்டி, கொஞ்சம் இடது பக்கமா அடிங்க” என்று சொல்ல ஆரம்பிப்பார்கள். யாரும் கெஞ்ச வேண்டியதில்லை. ஒரே பேருந்தில் வந்தும் ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ளாமல் இருந்தவர்கள், அடுத்த குழிக்கு நடக்கும்போது எந்தச் சுவரில் மோதவிட்டால் பந்து திரும்பும் என்று விவாதிப்பதை நான் எத்தனையோ பயணங்களில் கேட்டிருக்கிறேன்.

உலக மினி கோல்ஃப் கூட்டமைப்பின் போட்டி விதிகளில் ஒரு குழிக்கு ஆறு அடிதான் உச்சம். ஆறிலும் விழாவிட்டால் ஏழு என்று எழுதிவிட்டு அடுத்த குழிக்குப் போக வேண்டும். போட்டியாளர்களுக்கே இந்த வரம்பு உண்டு என்று சொன்னால் யாருக்கும் தாழ்வாகத் தோன்றாது, வரிசையும் தேங்காது.

குனிவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புட்டரைப் பிடித்து அடிப்பதில் பெரியவர்களுக்குக் கஷ்டமே இல்லை. குழிக்குள் விழுந்த பந்தை எடுக்கத்தான் கஷ்டம். 18 குழிக்கும் குனிந்து நிமிர்ந்தால் இடுப்பு என்ன ஆகும்? புட்டரின் கைப்பிடி நுனியில் மாட்டுகிற ரப்பர் உறிஞ்சி கடைகளில் கிடைக்கிறது. நின்றபடியே மட்டையைத் தலைகீழாகப் பிடித்துப் பந்தின் மேல் அழுத்தினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அது இல்லாவிட்டால் அணியின் குழந்தையைப் பந்தெடுக்கும் பொறுப்பாளர் ஆக்கிவிடுவேன். குழந்தைகள் அந்தப் பதவியை மிகவும் மதிப்பார்கள். புட்டரின் உயரமும் முக்கியம். தரையில் ஊன்றி நிறுத்தினால் கைப்பிடி இடுப்புக்கு அருகில் வர வேண்டும். குழந்தைக்குப் பெரிய மட்டையைக் கொடுத்தால் அது வயிற்றில் இடிக்கும், கழுத்தளவு தூக்கி வீசவும் தோன்றும். மணிக்கட்டை மடக்காமல், தோளிலிருந்து ஊஞ்சல் போல ஆட்டினால் போதும் என்று ஒரு முறை செய்து காட்டினால் எல்லோரும் பிடித்துக்கொள்வார்கள். மட்டையின் தலை முழங்காலுக்கு மேல் போகக் கூடாது என்பதில் மட்டும் நான் கண்டிப்பு. அதற்கு மேல் தூக்கினால் பின்னால் நிற்கும் சின்னக் குழந்தையின் முகத்தில் இடிக்கலாம். கண்ணில் பட்டால் அந்தப் பயணம் மருத்துவமனையில்தான் முடியும்.

படம் எடுப்பதற்கு ஆட்டம் தொடங்கும் முன் பத்து நிமிடம் கொடுத்துவிடுங்கள் என்று என்னுடன் வேலை செய்யும் இளையவர்களிடம் சொல்வேன். கொடுக்காவிட்டால் காற்றாலைக் குழியில் கூட்டம் நின்றுவிடும்.

மழை வந்தால் என்ன செய்வோம் என்பது முன்பதிவுச் சீட்டிலேயே இருக்க வேண்டும். வேறு நேரம் தருவார்களா, பணம் திரும்புமா, எத்தனை மணி நேரத்துக்கு முன் சொல்ல வேண்டும்? தூறலில் ஆடலாம், நனைந்த தரையில் பந்து மெதுவாக ஓடும், அவ்வளவுதான். வழுக்குகிற பாலங்களில் மட்டும் கவனம் வேண்டும். இடி கேட்டால் விவாதமே கிடையாது. கையில் உலோக மட்டையுடன் வெட்ட வெளியில் நிற்கிறோம். உடனே எல்லோரையும் கட்டடத்துக்குள்ளோ பேருந்துக்குள்ளோ கொண்டுபோக வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை வெளியே வரக் கூடாது. இரண்டு மணி நேரம் ஒதுக்கியிருந்தால் இந்த முப்பது நிமிடம் தாங்கும். ஒரு மணி நேர நிரலில் தாங்காது. அப்போது ஓட்டுநரின் வேலை நேரத்தைக் காரணம் காட்டி எல்லோரையும் ஏற்றிவிடுவார்கள்.

முடிவை அறிவிக்கவும் பத்து நிமிடம் எடுத்துவைக்க வேண்டும். அதைப் பேருந்து ஓடும்போது மைக்கில் சொன்னால் போதும் என்று நினைக்கிறார்கள். போதாது. திடலிலேயே, அணி அணியாக நிற்கும்போது மதிப்பெண்ணைப் படிக்க வேண்டும். முதல் பரிசு அணிக்கு. ஒரே அடியில் குழியில் போட்டவர்களின் பெயரையும் படிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பெரியவர்களின் பெயர் எப்போதும் இருக்கும், ஏனென்றால் அவர்கள்தான் பந்தை அவசரப்படாமல் அடிக்கிறார்கள்.

ஆசிரியர் அவர்களே, உங்கள் சுற்றுலாப் பக்கத்தில் ஒரு சிறு கட்டம் ஒதுக்கி இந்தக் கேள்விகளைப் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மினி கோல்ஃபுக்கு இறங்குவது முதல் ஏறுவது வரை எவ்வளவு நேரம்? குழுவில் மொத்தம் எத்தனை பேர்? திடல் நமக்கு மட்டுமா, பொதுவா? படிக்கட்டு எத்தனை, நாற்காலி எதுவரை போகும்? மழை பெய்தால் மாற்று ஏற்பாடு என்ன? பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் அழைத்துப் போகிறவர்கள் முன்பணம் கட்டும் முன் இவற்றைக் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பத்துப் பேர் கேட்டால் நிறுவனங்கள் யோசிக்கும். நூறு பேர் கேட்டால் அந்த ‘1 மணி நேரம்’ என்ற வரியைத் திருத்தித்தான் அடுத்த விளம்பரத்தை உங்களுக்கு அனுப்புவார்கள்.

இப்படிக்கு,
குழுப் பயணங்களை நடத்திச் செல்லும் டூர் மேனேஜர் ஒருவர்